தமுக்கம்: ஒரு பொதுவரங்கின் வரலாறும் பயன்களும்

முன்னுரை

ஒரு நகரத்து மக்கள் ஒருங்கு கூடி ஆடல் பாடல் காண்பதற்கும், விளையாட்டும் போட்டியும் நிகழ்த்துவதற்கும், மாநாடும் பொருட்காட்சியும் நடத்துவதற்கும் பொதுவாக அமைந்த பேரிடத்தைப் பல்பயன் அரங்கம் என இக்காலத்தார் வழங்குகின்றனர். கூரை வேய்ந்து, சுவர் சூழ்ந்து, பகலிலும் விளக்கொளியில் இயங்கும் அரங்கமே இப்பெயரைக் கேட்டவுடன் நம் நினைவிற்கு வருகின்றது. அத்தகைய அரங்கங்கள் தமிழகத்தில் பெருகியது அண்மைக் காலத்திலேயாம். ஆயினும் அவை செய்யும் தொழில் மிகப் பழையது. அத்தொழிலைக் கூரையின்றிச் செய்துவந்த களங்கள் எவை, அவை எவ்வாறு கைம்மாறின, கூரை வந்தபின் அவற்றின் பயன் எவ்வாறு மாறிற்று என்பன ஆராயத்தக்க வினாக்களாம்.

இவ்வாராய்ச்சிக்கு மதுரைத் தமுக்கத்தை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். தேனியையும் கம்பம் பள்ளத்தாக்கையும் பற்றி எண்ணப் புகுந்தோர் மதுரைக்குச் செல்வது ஏன் என்னும் ஐயம் எழலாம். 1996-ஆம் ஆண்டில் தேனி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பெறும் வரை இப்பகுதி மதுரை மாவட்டத்தின் மேற்குக் கோடியாகவே விளங்கியது. நாயக்கர் காலத்தில் இதன் பாளையங்கள் மதுரைக்கு அடங்கியிருந்தன. வருசநாட்டு மலையில் தோன்றி, முல்லைப் பெரியாற்றின் நீரையும் ஏற்றுக்கொண்டு ஓடும் வையையின் வடகரையிலேதான் தமுக்கம் அமைந்துள்ளது. ஆகவே இப்பள்ளத்தாக்கு மக்களுக்கும் தலைநகரத்துப் பொதுக்களம் தமுக்கமே என்பது பொருந்தும்.

ஓர் அரங்கின் வரலாற்றை அறிவதற்கு அதனைக் கட்டியவர் பெயரும் கட்டிய ஆண்டும் மட்டும் போதா. அங்கு யார் புக உரிமை பெற்றிருந்தனர், யார் புறத்தே நின்றனர் என்பதனையும் காலந்தோறும் நோக்குதல் வேண்டும். இக்கட்டுரை அந்நோக்கிலேயே அமைகின்றது.

அரங்கும் தொழுவும்

முதற்கண் சொற்களை நோக்குவோம். அரங்கு என்னும் சொல் பழந்தமிழில் பல பொருள் தருவது. திருக்குறள், கல்லாமை அதிகாரத்தில், வட்டாடுதற்கு வகுத்த கட்டங்களையுடைய இடத்தை இச்சொல்லால் குறிக்கின்றது. ஆறு இரண்டாகப் பிரிந்து சூழும் மேட்டுநிலமும் அரங்கம் எனப்பெறும். திருவரங்கம் என்னும் ஊர்ப்பெயர் இதற்குச் சான்றாகும். சிலப்பதிகாரத்தில் இச்சொல் கூத்தர் ஆடும் மேடையைக் குறிக்கின்றது. கட்டம் வகுத்த தரை, நீர் சூழ்ந்த நிலம், அளந்து அமைத்த மேடை ஆகிய மூன்றிற்கும் பொதுவாய் நிற்பது எல்லை வகுக்கப்பெற்ற இடம் என்னும் கருத்தே என்று கொள்ளலாம்.

அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் கூறும் அரங்கின் அளவு தமிழ் பயில்வார் அனைவரும் அறிந்ததே. இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலமும், எட்டுக் கோல் நீளமும், ஒரு கோல் உயரமும் உடையதாய் மேடை அமைந்தது. மேடைக்கும் மேலே இட்ட உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல் உயரம் விடப்பட்டது. விரல் ஓர் அங்குலமெனக் கொண்டால் அம்மேடை 14 அடி அகலமும் 16 அடி நீளமும் 2 அடி உயரமும் உடையதாகும். விரல் முக்கால் அங்குலமெனக் கொண்டால் பத்தரை அடி அகலமும் 12 அடி நீளமுமாகச் சுருங்கும். இரு வாயில், மூவகை எழினி, தூணின் நிழல் ஆடுவோர்மேல் விழாதவாறு நிறுத்திய விளக்கு ஆகிய யாவும் அங்குச் சொல்லப்பெறுகின்றன. மேடையை இத்துணை நுணுக்கமாக அளந்த அடிகள், காண்போர் அமரும் இடத்திற்கு அளவு கூறினாரல்லர். அரசன் முன்னிலையில் நிகழ்ந்த அவ்வரங்கேற்றத்தில் காண்போர் இடத்தை முறையும் தகுதியுமே வகுத்தன என்பது நம் துணிபு.

கலித்தொகையின் முல்லைக்கலி காட்டும் களம் வேறு வகையினது. ஆங்கு ஏறுகள் விடப்பெறும் இடம் தொழு எனப்பெறுகின்றது. ஆயர் மகளிர் பரண்மீது ஏறி நிற்க, இளைஞர் தொழுவினுள் பாய்கின்றனர். மேடைக்கு அளவு கூறும் சிலம்பிலே காண்போர் மறைந்து நிற்கின்றனர். களத்திற்கு அளவு கூறாத கலியிலே காண்போர் வெளிப்பட நிற்கின்றனர். அவர்கள் காண்போர் மட்டுமல்லர். ஏறு தழுவியவனை மணக்கப் போகும் மகளும், அவள் சுற்றத்தாரும், ஊராரும் ஆவர். தொழு என்பது நாள்தோறும் மாடு கட்டும் இடம்; விழா நாளில் அதுவே போட்டிக் களம். ஓரிடமே பல பயன் கொள்ளும் முறைமைக்கு நம் இலக்கியத்தில் இது பழைய சான்றாகும்.

கம்பம் பள்ளத்தாக்கின் களங்கள்

முல்லைக்கலியின் தொழு நூலளவில் நின்றுவிட்டதன்று. கம்பத்தில் நந்தகோபாலசாமி கோயிலை ஒட்டிய தம்பிரான் மாட்டுத்தொழு அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. கன்னட நாட்டிலிருந்து வந்து குடியேறியவர் எனப்படும் காப்பிலியர் போற்றிவரும் இத்தொழுவில், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மாடுகள் காக்கப்பெறுகின்றன. அவற்றுள் தலைமை பெற்ற காளையைப் பட்டத்துக் காளை என்பர். மாட்டுப்பொங்கலன்று சுற்றூர் மக்கள் அங்குக் கூடி வழிபடுகின்றனர். ஆநிரை நிற்கும் இடமே கோயிலாகவும், விழாக் களமாகவும், ஒரு சமூகத்தின் கூட்டிடமாகவும் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

சின்னமனூரை அடுத்த அய்யம்பட்டியிலும், உத்தமபாளையம் வட்டத்துப் பல்லவராயன்பட்டியிலும் நிகழும் சல்லிக்கட்டு இவ்வகைக் களத்திற்கு மற்றோர் எடுத்துக்காட்டாகும். வாடிவாசலும் தடுப்பும் பார்வையாளர் ஏறும் மேடையும் விழாவிற்கென எழுகின்றன. விழா முடிந்தபின் அவிழ்க்கப்பெறுகின்றன. நிலம் பழையபடி வெற்று நிலமாகின்றது. வீரபாண்டியில் முல்லைப் பெரியாற்றங்கரையிலுள்ள கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவும் இத்தன்மையதே. அந்நாட்களில் ஆற்றங்கரை வெளி கடைத்தெருவாகவும், இராட்டினம் சுழலும் களமாகவும், கலை நிகழ்ச்சி மேடையாகவும் மாறுகின்றது.

கூரையுடைய பொதுவிடமும் இப்பகுதிக்குப் புதிதன்று. ஊர்ச் சாவடி அத்தகையது. வழக்குத் தீர்ப்பதற்கும், வரி பேசுவதற்கும், வழிப்போக்கர் தங்குவதற்கும், முதியோர் பொழுது போக்குவதற்கும் சாவடி பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடகக் கொட்டகைகள் இதனோடு சேர்ந்தன. சங்கரதாச சுவாமிகள் 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். 1922-இல் அவர் மறைந்த பின்னரும் அவர்தம் நாடகங்கள் தென்மாவட்ட ஊர்களில் விடியவிடிய நடிக்கப்பெற்று வந்தன. கீற்றாலும் தகரத்தாலும் வேய்ந்த கொட்டகைகள் நாடகத்திற்கு எழுந்து, பின்னர்த் திரைப்படத்திற்கும் அரசியற் கூட்டத்திற்கும் இடமாயின.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் இரு மரபுகள் தெளிவாகின்றன. ஒன்று, கூரையின்றி, எல்லை மட்டும் வகுத்து, வேண்டும்போது அமைத்து வேண்டாதபோது கலைக்கும் களமரபு. மற்றொன்று, கூரையிட்டு, வாயில் வைத்து, நிலையாக நிற்கும் மண்டபமரபு. முன்னதில் சாதியும் ஊர்முறையும் இடங்களை வகுத்தன. பின்னதில் அவற்றோடு கட்டணமும் கட்டளையும் சேர்ந்தன. களம் அனைவர்க்கும் ஒப்பத் திறந்திருந்தது என நாம் கூறவில்லை. திறந்த வெளியிலும் புலப்படாத வேலிகள் உண்டு.

நாயக்கர் தலைநகரின் இருவகை அரங்குகள்

இவ்விரு மரபுகளும் தலைநகரில் பேருருவம் பெற்றன. விசுவநாத நாயக்கர் காலத்தில் அரியநாத முதலியார் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பகுத்து, மதுரைக் கோட்டையின் கொத்தளம் ஒவ்வொன்றையும் ஒரு பாளையக்காரர் பொறுப்பில் விட்டார் என்பது வழிவழி வரும் செய்தி. கம்பம், கூடலூர், போடிநாயக்கனூர், தேவாரம், எரசக்கநாயக்கனூர், கண்டமநாயக்கனூர் முதலியன மேற்குப் பள்ளத்தாக்கின் பாளையங்களாம். இப்பாளையக்காரர்க்குத் தலைநகரின் விழா வெறும் காட்சியன்று. அரசனை நேரிற் கண்டு தம் பணிவை உணர்த்தும் வாய்ப்புமாகும்.

இம்முறைக்கு மூலம் விசயநகரம். 1520-ஆம் ஆண்டையொட்டி அந்நகரைக் கண்ட போர்த்துக்கேசியர் தொமிங்கோ பாயசு, மகாநவமி விழாவில் மற்போரும் ஆடலும் அரசன் முன் நிகழ்ந்ததை விரிவாக எழுதியுள்ளார். வாயில்தோறும் காவலர் நின்று, உரியவரையே உள்ளே விட்டனர் என்பதும் அவர் குறிப்பால் விளங்கும். காட்சி என்பது அரசு தன்னை வெளிப்படுத்தும் முறை என்பதையும், அதனைக் காணும் உரிமையே ஒரு பதவி என்பதையும் அவ்விழா காட்டுகின்றது.

விசயநகரத்தின் வழிவந்த மதுரை நாயக்கருள் திருமலை நாயக்கர் (1623-1659) எழுப்பிய அரண்மனையில் நாடகசாலை என்னும் பெருமண்டபம் உள்ளது. ஆடலும் பாடலும் நிகழ்ந்த இம்மண்டபத்தை மதுரையின் பழைய உள்ளரங்கம் எனல் தகும். பின்னாளில் அழிவுற்றிருந்த அவ்வரண்மனையைச் சென்னை ஆளுநர் நேப்பியர் (1866-1872) பழுது பார்க்கச் செய்தார். அரண்மனை நீதிமன்றமாகப் பயன்பட்டு, 1981-ஆம் ஆண்டு முதல் ஒலி ஒளிக் காட்சிக்குரிய இடமாயிற்று. கோட்டைக்குள் அமைந்த உள்ளரங்கிற்கு நாடகசாலை சான்றானால், கோட்டைக்குப் புறத்தே, ஆற்றிற்கு வடக்கே அமைந்த திறந்த களத்திற்குச் சான்று தமுக்கமாகும்.

தமுக்கம் என்னும் பெயரைத் தமகமு என்னும் தெலுங்குச் சொல்லோடு தொடர்புபடுத்துவர். கோடையில் தங்கும் மாளிகை என்பது அதன் பொருள். மாளிகையின் முன்னுள்ள வெளியில் யானைப் போரும் பிற விலங்குகளின் போரும் வீரர்தம் போட்டியும் நிகழ, ஆட்சியாளர் மேலிருந்து கண்டனர் என்பது மதுரையில் நெடுங்காலமாக வழங்கும் செய்தி.

கட்டியவர் யார்

தமுக்க மாளிகையைத் திருமலை நாயக்கர்மேல் ஏற்றிக் கூறுவாரும் உளர். இராணி மங்கம்மாள் கட்டியது என்பதே பெருவழக்கு. அவ்வழக்கை ஒட்டி, ஏறத்தாழ 1670-ஆம் ஆண்டில் அது கட்டப்பெற்றது என்றும் கூறுவர். இங்கு ஒரு முரண் தோன்றுகின்றது. மங்கம்மாள் தம் பெயரனின் சார்பில் ஆட்சி நடத்தியது 1689 முதல் 1706 வரையாகும். 1670-இல் அரியணையில் இருந்தவர் அவர்தம் கணவர் சொக்கநாத நாயக்கர் (1659-1682). எனவே ஆண்டையும் பெயரையும் ஒருங்கே ஏற்பதாயின், மங்கம்மாள் அரசியாக இருந்த காலத்தில் இது எழுந்தது என்று கொள்ளுதல் வேண்டும். ஆட்சிப் பொறுப்பேற்ற காலத்தில் எழுந்தது எனின் ஆண்டைக் கைவிடுதல் வேண்டும்.

இருவழியிலும் ஓர் உண்மை புலனாகின்றது. சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார்; மங்கம்மாளும் அங்கிருந்தே ஆண்டார். ஆகவே அக்காலத்து மதுரை, அரசு நிலையாகத் தங்கிய நகரன்று. வந்து செல்லும் நகரமாகும். வந்து தங்குவார்க்குக் கோட்டைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள வடகரையில் ஒரு மாளிகை அமைந்தது இந்நிலைக்குப் பெரிதும் பொருந்துகின்றது. தெலுங்குச் சொல்லின் பொருளும் இதற்கு ஏற்புடைத்தாய் நிற்கின்றது.

இடத்தின் பொருத்தம் இன்னொன்றும் உண்டு. அழகர் கோயிலிலிருந்து வரும் கள்ளழகர் வையையில் இறங்கும் முன் தங்கும் தல்லாகுளம், தமுக்கத்திற்கு அணித்தே உள்ளது. அழகர் திருவிழாவையும் மீனாட்சி திருமணத்தையும் சித்திரையில் ஒருங்கிணைத்தவர் திருமலை நாயக்கர் என்பர். அங்ஙனமாயின், ஆண்டுதோறும் பெருந்திரள் கடந்து செல்லும் வழியின் ஓரத்திலேயே அரச மாளிகையும் களமும் அமைந்தன என்றாகும். அரசர் காண விரும்பியது யானைப் போரை மட்டுமன்று, மக்கள் திரளையுமாம். மக்கள் காண வந்ததும் அழகரை மட்டுமன்று, அரசரையுமாம் என்று கருதுவதில் தவறில்லை.

ஆட்சியர் இல்லம்

நாயக்கர் ஆட்சி வீழ்ந்தபின் மதுரை ஆர்க்காட்டு நவாபின் கைக்கும், பின்னர் ஆங்கிலக் கும்பினியாரின் கைக்கும் சென்றது. மேற்குப் பாளையங்கள் அடங்கிய திண்டுக்கல் சீமை 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் கும்பினியார்க்குக் கிட்டியது. 1801-இல் நவாபின் நாடும் அவர்கட்கு உரியதாயிற்று. பாளையக்காரர் ஆண்ட பள்ளத்தாக்கும், அவர்கள் பணிந்த தலைநகரும் ஒரே மாவட்ட ஆட்சியரின் கீழ் வந்தன.

தமுக்கத்தில் அவ்வெள்ளைய அலுவலர் குடியேறினர். நீதிபதிகளும் மாவட்ட ஆட்சியரும் தங்கும் இல்லமாக அது பயன்பட்டது. களத்தின் வரலாற்றில் இது பெரியதொரு மாற்றம். நாயக்கர் காலத்தில் மாளிகை களத்தை நோக்கி நின்றது. மக்கள் கீழே நின்றாலும் காட்சிக்கு அவர்கள் வேண்டப்பெற்றனர். ஆட்சியர் இல்லத்திற்கோ திரள் வேண்டா. வேலியும் வாயிற்காவலும் கொண்ட தோட்டமாயிற்று தமுக்கம். மனு எழுதிக் கையில் ஏந்தியவரே அங்குச் செல்லக் காரணம் பெற்றனர். அரங்கு அரங்காக இல்லாதிருந்த காலம் இதுவே.

அதே நூற்றாண்டில் நகரமே தமுக்கத்தை நோக்கி வளரலாயிற்று. பிளாக்பர்ன் என்னும் ஆட்சியர் காலத்தில் (1834-1847) கோட்டை மதில்கள் இடிக்கப்பெற்று, நகரம் நாற்புறமும் விரிந்தது. 1889-இல் வையைமீது ஆல்பர்ட் விக்டர் பாலம் அமைந்தது. வெள்ளக் காலத்தில் துண்டிக்கப்பெற்ற வடகரை நகரின் உறுப்பாயிற்று. மேற்கே, 1895-இல் பெரியாற்று அணை முடிந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியே புதுநீர் வையையிற் கலந்தது. 1928-இல் மதுரைக்கும் போடிநாயக்கனூர்க்கும் புகைவண்டி ஓடலாயிற்று. ஏலமும் பஞ்சும் ஏற்றிச் சென்ற அவ்வண்டி மக்களையும் மதுரைக்கு ஏற்றிச் சென்றது. புறநகர்ப் புல்வெளி ஒரு வட்டாரத்தின் நடுக்களமாவதற்கு வேண்டிய யாவும் இவ்வாறு ஒருங்கு கூடின. வாயில் திறப்பது மட்டுமே எஞ்சியிருந்தது.

வாயில் திறந்த காலம்

நாடு விடுதலை பெற்றபின் வாயிலும் திறந்தது. 1955-ஆம் ஆண்டில் அரசு தமுக்க மாளிகையையும் அதனைச் சார்ந்த ஏறத்தாழ 13 ஏக்கர் நிலத்தையும் காந்தி நினைவு நிதியினர்க்கு வழங்கியது. 1959-ஆம் ஆண்டு ஏப்பிரல் 15-ஆம் நாள் பிரதமர் சவகர்லால் நேரு ஆங்குக் காந்தி நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். அண்ணல் சுடப்பட்டபோது அணிந்திருந்த, குருதிக்கறை படிந்த ஆடை அங்குப் போற்றி வைக்கப்பெற்றுள்ளது. விலங்குகளின் போரைக் காண எழுந்த மாளிகை கொல்லாமையைப் போதித்தவரின் நினைவிடமாயிற்று. 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் அண்ணல் தம் உடையை முழங்காலளவுத் துண்டாகச் சுருக்கிக் கொண்டதும் இம்மதுரையிலேயே என்பது இவ்விடத்திற்குத் தனிப் பொருத்தம் தருகின்றது.

மாளிகை நினைவிடமாக, அதனையடுத்த வெளி தமுக்கம் மைதானம் என்னும் பெயரால் நகரின் பொதுக்களமாயிற்று. அதே 1959-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆண்டிபட்டிக்கு அருகே வையை அணை திறக்கப்பெற்றது. கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு அவ்வணையிலிருந்தே தண்ணீர் விடுவிப்பது வழக்கமாயிற்று. தேனிப் பகுதியின் நீர் மதுரைத் திருவிழாவிற்குச் செல்ல, அத்திருவிழாவை ஒட்டித் தமுக்கத்தில் நடந்த சித்திரைப் பொருட்காட்சிக்கு அப்பகுதி மக்களும் சென்றனர். அரசுத் துறைகளின் அரங்குகள், உழவுக் கருவிகள், கைத்தறி, இராட்டினம், அப்பளக் கடை, நாடக மேடை ஆகிய யாவும் ஓரிடத்தே அமைந்தன. அழகரைக் கண்டு திரும்பும் சிற்றூர்க் குடும்பம் ஒன்று, சிறு கட்டணத்தில் உழவுத் துறையின் புது விதையையும் மேடை நாடகத்தையும் ஒரே மாலையிற் கண்டு மீளலாம். பல்பயன் என்னும் சொல்லுக்கு இதனினும் நல்ல விளக்கம் வேண்டுவதில்லை.

1981-ஆம் ஆண்டு சனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நிகழ்ந்தது. அதனையொட்டித் தமுக்கத்தின் முகப்பில் தமிழன்னை சிலை நிறுவப்பெற்றது. அவ்வாண்டிலேயே காந்தி அருங்காட்சியக வளாகத்தில் அரசு அருங்காட்சியகமும் தோன்றியது. அரசியற் கட்சிகளின் கூட்டங்களும், சமய மாநாடுகளும், பின்னாளில் புத்தகக் கண்காட்சியும் மைதானத்தில் இடம்பெற்றன. ஒன்றற்கொன்று மாறுபட்ட கொள்கையினர் அடுத்தடுத்த நாட்களில் ஒரே மண்ணில் மேடையிட்டனர். முந்தையோர் நட்ட கம்பங்களின் குழியிலேயே பிந்தையோர் தம் கம்பங்களை நட்டிருத்தலும் கூடும். களம் எவர்க்கும் சொந்தமாகாது எல்லார்க்கும் இடந்தந்தது.

இம்முறைமையின் உச்சமாக 2017-ஆம் ஆண்டு சனவரி மாதத்தைக் குறிப்பிடலாம். 2014-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சல்லிக்கட்டு தடைப்பட்டது. அத்தடையை நீக்க வேண்டி, சென்னைக் கடற்கரையிலும் அலங்காநல்லூரிலும் பிற ஊர்களிலும் இளைஞர் திரண்டபோது, தமுக்கத்திலும் மாணவர் பெருந்திரளாகக் கூடி இரவும் பகலும் தங்கினர். அம்மாதத்திலேயே சட்டமன்றம் திருத்தச் சட்டம் இயற்றியது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஆளுவோர் மேலிருந்து விலங்குப் போரைக் கண்டதாகக் கூறும் அதே இடத்தில், ஏறு தழுவும் உரிமையை வேண்டி மக்கள் தாமே அமர்ந்தனர். மூன்று நூற்றாண்டில் காண்போர் இடமும் காட்சியின் இடமும் முற்றும் மாறிப்போயின.

கூரை வேய்ந்த அரங்கம்

இனிக் கூரையரங்கை நோக்குவோம். 1995-ஆம் ஆண்டில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நிகழ்ந்தபோது, அவற்றின் பொருட்டுப் பெரியமேட்டில் சவகர்லால் நேரு உள்விளையாட்டரங்கம் எழுந்தது. தமிழகத்தில் இவ்வகை அரங்கின் தலையாய எடுத்துக்காட்டு இதுவே. விளையாட்டிற்கென எழுந்த இவ்வரங்கம் அரசு விழாக்களுக்கும், பரிசளிப்பு விழாக்களுக்கும், இசை நிகழ்ச்சிகளுக்கும் பயன்பட்டது. தெருவோர மண்ணில் வளர்ந்த சடுகுடு, 2018-ஆம் ஆண்டில் தொழில்முறைக் கபடிப் போட்டியாக அவ்வரங்கின் விரிப்பின்மீது ஆடப்பெற்றது.

இத்தகைய அரங்கை அமைப்பார் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு அளவைப் பற்றியது. கூடைப்பந்தாட்டக் களம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் வேண்டுவது. கைப்பந்தாட்டத்திற்கு 18 மீட்டரும் 9 மீட்டரும் போதும். ஆடவர் கபடிக்கு 13 மீட்டரும் 10 மீட்டரும் போதும். ஆகவே கூடைப்பந்தாட்டத்திற்கு அமைத்த தரையில் ஏனையவும் அடங்கும். ஆயின் ஆட்டத்திற்கு வேண்டும் மரத்தரை பொருட்காட்சியின் பளுவைத் தாங்காது. ஆட்டத்தின் ஆரவாரத்தைப் பெருக்கிக் காட்டும் உயர்ந்த கூரை, இசையையும் உரையையும் எதிரொலியாற் குழப்பும். இடையே தூண் நின்றால் பார்வை மறையும்; தூணின்றிக் கூரையிடப் பொருட்செலவு மிகும். தூணின் நிழல் படாதவாறு விளக்கை நிறுத்திய சிலம்பின் சிற்பியும் இவ்வகை இடர்ப்பாட்டையே தன் காலத்தளவில் தீர்த்தான் எனலாம். பல்பயன் என்பது எல்லாப் பயனும் நிறைவுறப் பெறுதல் அன்று. எப்பயன் எப்பயனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று துணிதலேயாம்.

தமுக்கத்திற்கும் கூரை வந்தது. சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் மதுரை மாநகராட்சி மைதானத்தில் குளிரூட்டிய மாநாட்டு மையம் ஒன்றைக் கட்டி, அது 2022-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அவ்வாண்டே புத்தகத் திருவிழா அங்கு நடைபெற்றது. மழையும் வெயிலும் புழுதியும் நீங்கியது பெரும் நன்மை. சித்திரை வெயிலில் நின்ற முதியோரையும் குழந்தைகளையும் எண்ணுவார் இதனைக் குறை கூறார். நூலும் கைவினைப் பொருளும் நனையாமற் காக்கப்பெறுகின்றன. ஆண்டின் எந்நாளிலும் நிகழ்ச்சி நடத்த இயல்கின்றது.

இழப்பும் இல்லாமற் போகவில்லை. வெளியில் இராட்டினமும் பெருந்திரளும் கொண்ட பரப்பு கட்டடத்தால் சுருங்கியது. கட்டடத்தைக் காக்கும் செலவிற்கு வாடகை வேண்டும். வாடகை தர இயல்வார்க்கே கூடம் கிட்டும். முன்பு நான்கு கம்பமும் ஒரு கூரைத்துணியும் கொண்டு மேடையிட்ட சிறு சங்கத்தார்க்கு அக்கூடம் எட்டாது போதலுங் கூடும். அரங்கைக் கட்டுங்கால் கூரையின் அளவோடு வாடகையின் அளவையும் எண்ணுதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

களத்தையே நிலையான அரங்காக்கிய முயற்சியும் உண்டு. அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் 2024-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள் திறக்கப்பெற்றது. ஆயிரக்கணக்கானோர் அமரத்தக்க இருக்கைகளும் வாடிவாசலும் கொண்ட இவ்வரங்கம் முல்லைக்கலியின் தொழுவிற்குக் கல்லாலும் இரும்பாலும் அமைந்த உருவமாகும். இதில் கற்க வேண்டுவது ஒன்றுண்டு. தொழுவில் விழா ஒரு நாள். மாடு கட்டுவது ஆண்டு முழுதும். நிலையான அரங்கில் விழாவிற்குப் புறம்பான நாட்களுக்குப் பயன் தேடுதல் வேண்டும். பழைய தொழு முயலாமலே பெற்ற பல்பயனைப் புதிய அரங்கு முயன்றே பெறுதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் புலனாகின்றன. தமுக்கம் நாயக்கர் காலத்தில் அரசர் காணவும் காணப்பெறவும் அமைந்த களமாக இருந்தது. கும்பினியார் காலத்தில் மூடிய இல்லமாயிற்று. விடுதலைக்குப் பின் மாளிகை நினைவிடமாகவும், வெளி பொதுக்களமாகவும் பிரிந்து, இரண்டும் மக்கட்கு உரியனவாயின. 2022-க்குப் பின் களத்தின்மேல் கூரையும் வந்துள்ளது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றிலும் கட்டடம் மாறியதைவிட வாயில் மாறியதே பெரிய மாற்றமாகும்.

தேனியும் கம்பமும் போடியும் இன்று வளர்ந்துவரும் நகரங்கள். வண்டித்தட அகலமாற்றத்திற்கென 2010-இன் இறுதியில் நின்ற புகைவண்டி 2022-இல் தேனிக்கும், 2023-இல் போடிக்கும் மீண்டும் ஓடத் தொடங்கியுள்ளது. இந்நகரங்களில் அரங்குகள் பெருகுதல் இயல்பே, வேண்டத்தக்கதுமாம். அவற்றை அமைப்பார் மதுரையின் வரலாற்றைத் தம் முன் வைத்துக்கொள்ளுதல் நலம். கூரையிட்ட கூடத்தோடு, கூரையிடாத வெளியும் அருகே விடப்பெறுதல் வேண்டும். கூடத்தின் வாடகை ஊர்ச் சங்கத்தார்க்கும் பள்ளிச் சிறுவர்க்கும் எட்டுவதாக இருத்தல் வேண்டும். சாவடிக்கும் தொழுவிற்கும் விழாவெளிக்கும் இருந்த சாதி எல்லைகள் புதிய வாயிலுக்கு வாராதிருத்தல் வேண்டும். அவ்வெல்லைகள் நீங்குதற்குப் பணவெல்லை ஈடாகாது.

இத்துறையில் ஆராயப் புகும் மாணவர்க்கு ஒன்று கூறி அமைகின்றோம். கோயில்களின் வரலாற்றை எழுதினோம். கோட்டைகளின் வரலாற்றையும் எழுதினோம். ஊர்ச் சாவடிகளும், நாடகக் கொட்டகைகளும், திருவிழா வெளிகளும், சந்தைத் திடல்களும் தத்தம் வரலாற்றைத் தாமே எழுதிக்கொள்ளும் ஆற்றல் உடையன அல்ல. கொட்டகை கட்டியவரையும், அதில் நடித்தவரையும், தரையில் அமர்ந்து கண்டவரையும் நேரில் அறிந்த முதியோர் பள்ளத்தாக்கின் ஊர்களில் இன்னும் உள்ளனர். அவர்தம் நினைவுகளை ஊர்தோறும் தொகுத்தல் உடனடியாகச் செய்யவேண்டிய பணியாகும். அப்பணி நிறைவுறும்போதுதான் தமிழரின் பொதுவரங்கு வரலாறு மேடைக்கு அளவு கூறுவதோடு அமையாது, காண்போர்க்கும் இடம் கூறுவதாக அமையும்.